கண்ணோட்டமும் கருமமும்: பொது நிருவாகம் பற்றிய ஒரு சிந்தனை

எமது கல்லூரியிற் கற்று வெளியேறியோரிற் பெருந்தொகையினர் அரசாங்க உத்தியோகத்திற் புகுந்தவர்கள். கச்சேரி, தபாற் கந்தோர், புகையிரதப் பகுதி, திறைசேரி, கல்விப் பகுதி என்று அவர்கள் இருந்து எழுதாத மேசை இல்லை எனலாம். எழுதுவினைஞர் பரீட்சையில் எத்தனை பேர் தேறினர் என்பதை வைத்தே கல்லூரியின் பெருமையை அளந்த காலமும் ஒன்றிருந்தது. அவ்வாறிருந்தும், அலுவலகம் என்பது யாது, அதனுள்ளே மனிதர் எவ்வாறு ஒழுகுகின்றனர், ஏன் அவ்வாறு ஒழுகுகின்றனர் என்பனவற்றை யாம் மாணவர்க்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்ததில்லை. தமிழாசிரியர்க்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று கேட்போர் இருப்பர். திருக்குறட் பொருட்பாலைக் கற்பிப்போர்க்கு இதில் நிறைய வேலை உண்டு என்பதே எமது விடை.

பொது நிருவாகம் பற்றிப் பேசப் புகுவோர் மாக்ஸ் வேபரை விட்டுப் பேசுதல் இயலாது. 1864 ஆம் ஆண்டிற் பிறந்து 1920 இல் மறைந்த இந்த ஜேர்மானிய அறிஞர், மக்கள் மூன்று காரணம் பற்றி அதிகாரத்துக்குப் பணிவர் என்றார். தொன்றுதொட்டு வந்த வழக்கம் ஒன்று. தலைவன் ஒருவனுடைய தனிப்பெருங் கவர்ச்சி மற்றொன்று. எழுதப்பட்ட சட்டம் மூன்றாவது. இம்மூன்றாவதற்கு உரிய கருவியே நாம் காணும் அலுவலகம். அங்கே பதவி வேறு, பதவியில் இருப்பவர் வேறு. கதிரையும் முத்திரையும் கோவையும் அவருடைய சொத்தல்ல. அவர் தகுதி பற்றித் தெரியப்பட்டவர். மாதச் சம்பளம் பெறுபவர். தம் எல்லைக்குட்பட்ட கருமத்தை விதிப்படி முடித்து எழுத்தில் வைப்பவர். முன்னே நிற்பவர் உறவினரா பகைவரா என்பது அவருடைய முடிவிற் கலத்தலாகாது.

பலரும் வெறுக்கின்ற பகுதி இதுவே. முகம் பாராத அலுவலகம் இரக்கமற்றது என்பர். இவ்வொழுங்கு முற்றினால் மனிதன் இறுகிய கூட்டினுள் அகப்படுவான் என்று வேபரே அஞ்சினார். எனினும், முகம் பார்க்கும் அலுவலகத்தில் யாருடைய முகம் பார்க்கப்படும் என்ற வினாவையும் உடன் கேட்டல் வேண்டும். பிரித்தானியாவில் 1854 இல் வெளியான நோத்கோட், திறெவெலியன் என்போரின் அறிக்கை இதனையே கேட்டது. அந்நாட்டு அரச பதவிகள் அக்காலத்திலே பெரிய மனிதரின் சிபாரிசினால் நிரப்பப்பட்டன. போட்டிப் பரீட்சையால் ஆட்களைத் தெரிதல் வேண்டும் என்றது அறிக்கை. 1870 இலேதான் திறந்த போட்டி பொதுவிதியாயிற்று. பரீட்சையைக் குறை கூறுவோர் இன்று மலிந்துவிட்டனர். யாமும் சில குறைகளைக் கூறுவதுண்டு. ஆயினும் விடைத்தாளிற் சுட்டெண் மட்டுமே இருக்கிறது, தகப்பனார் பெயர் இல்லை என்பதை ஏழை வீட்டுப் பிள்ளைகள் மறவார்.

இலங்கையிலோ இருவகை ஆட்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பின் 1833 இல் நாடு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. மாகாணத்துக்குத் தலைவராகிய அரசாங்க அதிபர் கடல் கடந்து வந்தவர், இங்கே சுற்றமில்லாதவர். அவருக்குக் கீழே யாழ்ப்பாணத்தில் மணியகாரரும் உடையாரும் விதானையாரும் இருந்தனர். இவர்கள் பெரும்பாலும் ஊரிலே நிலமும் குலமும் செல்வாக்கும் உடைய குடும்பத்தினர். மேலே முகமறியாத ஆட்சி. கீழே முகத்தை மட்டுமன்றிப் பாட்டன் பெயரையும் அறிந்த ஆட்சி. 1963 மே மாதம் முதலாந் திகதி சிவில் சேவை ஒழிந்து நிருவாக சேவை தோன்றியது. விதானைமார் இருந்த இடத்திற் கிராம சேவகர் வந்தனர். அவர் இன்று கிராம அலுவலர். முதியோர் வாயில் இன்றும் ‘விதானையார்’ என்ற சொல்லே வழங்குவதை வாசகர் அறிவர்.

இவ்விரண்டையும் ஒருங்கே கண்டு எழுதியவர் லெனாட் வூல்ஃப். 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பயிலுநராகச் சேர்ந்து, பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக 1911 வரை இருந்தவர். வரும் கடிதத்துக்கு அன்றே மறுமொழி போதல் வேண்டும் என்று அவர் விதித்ததையும், எழுதுவினைஞர் அதனை விரும்பாமையையும் தம் தன்வரலாற்றிற் சொல்கிறார். அவர் கண்டிப்பானவர், மக்களால் விரும்பப்பட்டவர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 1913 இல் அவர் வெளியிட்ட நாவலில், காட்டோரக் கிராமத்து ஏழை ஒருவனை அழிப்பது முகமறியாத வெள்ளைக்காரத் துரையல்ல. அவனை நன்கறிந்த ஊர்த்தலைவனே சேனைச் செய்கைக்கு உத்தரவு மறுத்தும் வரிப்பணங் கேட்டும் தன் பகையை விதியின் பெயரால் தீர்த்துக்கொள்கிறான். துரை நீதியாகவே நடக்க முயல்கிறார்; அவருக்கு உண்மை எட்டுவதில்லை. நிருவாகம் பயில்வோர் பாடநூல்களோடு இந்நாவலையும் படித்தல் நன்று.

விதி எழுத்தில் இருந்தாலும் ஒழுக்கம் எழுத்தில் இருப்பதில்லை. இதனை ஆராய்ந்து காட்டியவை அமெரிக்காவில், சிக்காக்கோ நகரருகே ஹோதோர்ண் தொழிற்சாலையில் 1924 முதல் சில ஆண்டுகள் நடந்த பரிசோதனைகள். ஹார்வாட் பல்கலைக்கழகத்து எல்ற்றன் மேயோவின் பெயர் இவற்றோடு சேர்ந்து வழங்குகிறது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி பெருகியது என்ற கதையைப் பலரும் சொல்வர். பிற்கால ஆய்வாளர் அதனை ஐயுற்றனர். எமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி பூட்டும் 14 ஆண்கள் தனி அறை ஒன்றில் வைத்துக் கவனிக்கப்பட்டனர். அதிகம் செய்தால் அதிகம் கூலி கிடைக்கும். ஆயினும் ஒரு நாளைக்கு இவ்வளவே செய்வது என்று அவர்கள் தமக்குள் ஓர் அளவு வைத்திருந்தனர். விரைந்து செய்தவனை ஏளனஞ் செய்தனர், தோளிலே குத்தினர். மிகக் குறையச் செய்தவனையும் பழித்தனர். மேலாளரிடம் சொல்பவனைத் துரோகி என்றனர். எந்தச் சுற்றுநிருபத்திலும் இவ்விதிகள் இல்லை. அனைவரும் அவற்றுக்கே அமைந்தனர்.

நம் ஊர் அலுவலகங்களிலும் எழுதாத விதிகள் உண்டு. ஒருவர் கோவைகளை உடனுக்குடன் முடித்தால் அடுத்த மேசைக்காரர் முகஞ் சுளிப்பார். சக ஊழியரின் மைத்துனர் வந்தால் அவர் அலுவலை முன்னே பார்த்தல் வேண்டும். மறுத்தவர் ‘பெரிய நேர்மைக்காரர்’ என்ற பட்டத்துடன் தனியே தேநீர் குடிப்பார். இதனைத் தனி ஒருவருடைய பலவீனம் என்று கருதுவதாலேயே நம் அறிவுரைகள் பயனின்றிப் போகின்றன. அது கூட்டத்தின் விதி.

திருவள்ளுவர் இச்சிக்கலை நன்கறிந்தவர். தக்கவரை ஆராய்ந்து வினையில் அமர்த்துதலைக் கூறும் தெரிந்து வினையாடல் 52 ஆம் அதிகாரம். சுற்றத்தாரைத் தழுவுதலைக் கூறும் சுற்றந்தழால் அதனை அடுத்தே நிற்கிறது. 55 ஆம் அதிகாரமாகிய செங்கோன்மை, எவர்மாட்டும் கண்ணோடாது நடுநின்று ஆராய்தலை முறை என்று தொடங்குகிறது. மூன்று அதிகாரங்களின் பின் கண்ணோட்டம் வருகிறது. அங்கே அக்குணத்துக்குப் புகழோ புகழ். பழகியவர் கேட்டதை மறுக்க மாட்டாமையே கண்ணோட்டம் என்னும் கருத்துப்பட விளக்குகிறார் பரிமேலழகர். அவ்வதிகாரத்து எட்டாங் குறளிலே, கருமங் கெடாமற் கண்ணோடுதல் வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. இவ்வரம்பை வகுப்பில் ஒரு வரியிற் சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவது எமது வழக்கமாயிருந்தது.

அப்படிப் போனதன் பயனைச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திற் கண்டோம். காலஞ்சென்ற தந்தையாரின் பத்திரம் ஒன்றிற் பெயர்த் திருத்தம் செய்யவேண்டியிருந்தது. வெளி விறாந்தையில் வாங்கிலே இருந்தோம். பக்கத்தில் ஒரு மூதாட்டி, காலை முதல் வந்த பசியோடு, பொலித்தீன் பையைப் பிடித்தபடி இருந்தார். மூன்றாம் முறை வருகிறாராம். ஒரு பத்திரத்திற் செல்லம் என்றும் மற்றதிற் செல்லம்மா என்றும் இருக்கிறதாம். எம்மைக் கண்ட இளைஞர் ஒருவர் உள்ளிருந்து விரைந்து வந்தார். எம்மிடம் கற்றவர். “சேர், நீங்கள் ஏன் இதிலை இருக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ” என்றார். யாம் போனோம். கதிரை தந்தார், தேநீர் தருவித்தார், பதினைந்து நிமிடத்தில் அலுவல் முடிந்தது. வெளியே வந்தபோது மதிய இடைவேளைக்காகச் சாளரம் மூடப்பட்டிருந்தது. மூதாட்டி அவ்விடத்திலேயே இருந்தார். “தம்பி, உங்கடை அலுவல் முடிஞ்சுதோ?” என்று அன்பாகக் கேட்டார். அக்கேள்வியிற் குத்தல் இருக்கவில்லை. யாம் ஆம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தோம்.

அந்த இளைஞர் நல்லவர். ஆசிரியரை மதித்தலாகிய, யாம் கற்பித்த ஒழுக்கத்தையே கடைப்பிடித்தார். எமக்குக் கண்ணோட்டமும் மூதாட்டிக்கு விதியும் கிடைத்தன. விதியே குறிக்கோளாகி, எதன்பொருட்டு அது வகுக்கப்பட்டதோ அது மறக்கப்படும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் றொபேட் மேட்டன் 1940 இல் எழுதினார். இரண்டு பெயரும் ஒருவருடையனவே என்பதைச் சத்தியக் கடதாசி ஒன்றால் நிறுவ வழியிருந்தும், அதனை மூதாட்டிக்கு மூன்று முறையும் ஒருவரும் சொல்லவில்லை. மைக்கல் லிப்ஸ்கி என்பார் 1980 இல் வெளியிட்ட நூலில், மேலிடம் வகுக்கும் கொள்கை பொதுமகனுக்கு யாதாய் முடிகிறது என்பதைத் தீர்மானிப்போர், அவனை நேரிற் சந்திக்கும் கடைநிலை ஊழியரே என்றார். காவலர், நலன்புரி ஊழியர் ஆகியோரோடு ஆசிரியரையும் அவ்வரிசையிலே வைத்தார். அதை வாசித்தபின், வகுப்பில் எம் கண் எந்த வாங்கின் பக்கம் அடிக்கடி செல்கிறது என்று யாமே கவனிக்கத் தொடங்கினோம். முன் வாங்குதான்.

பரிகாரங்கள் பெரியன அல்ல. வரிசை எண் கொடுத்தல், வேண்டிய பத்திரங்களின் பட்டியலை வாயிலில் தமிழில் எழுதித் தொங்கவிடல், மறுப்பதாயின் காரணத்தை எழுத்திற் கொடுத்தல் ஆகிய மூன்றும் அதிக செலவில்லாதவை. எண் கொடுக்கப்படும் இடத்தில் ஊழியர் ‘எண் வரவில்லை அண்ணை’ என்று உறவைக் கெடுக்காமல் மறுக்கலாம். கூட்டத்தின் விதியிலிருந்து அவரைக் காப்பதும் அச்சிறு கடதாசியே. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் கேட்டு விண்ணப்பிப்போர்க்கு, தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்படல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பமாவது எழுதிப் பழகும்படி இவ்வாண்டு செய்திருக்கிறோம்.

அலுவலகங்களிற் பணியாற்றும், பணியாற்றி இளைப்பாறிய பழைய மாணவர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேண்டியவர் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல நேர்ந்த நாளையும், சொல்ல முடியாமற்போன நாளையும், பெயர்களைத் தவிர்த்து, எமக்கு எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைகளிற் கடைசிப் பாடவேளையில் உயர்தர வகுப்புக்கு நேரில் வந்து சொல்ல இயலுமாயின் இன்னும் நன்று. 58 ஆம் அதிகாரத்தை அடுத்த தவணையில் தொடங்குகிறோம்.