வலிக்குத் தேடிய மருந்து

தமிழில் 'குடிகாரர்' என்னும் சொல் பழையது; 'குடிநோயாளர்' என்னும் சொல் புதியது. முன்னது ஒருவரின் நடத்தையைச் சுட்டிப் பழிக்கிறது. பின்னது அவரது நிலையைச் சுட்டி நலம் வினவுகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க மருத்துவ உலகிற்கே நெடுங்காலம் பிடித்தது. குடும்பங்கள் பல இன்னும் அதைக் கடக்கவில்லை. 'ஏன் குடிக்கிறாய்?' என்பது வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல். ஆனால், அது விடையை எதிர்பார்க்கும் வினாவன்று. வினாவின் வடிவில் வரும் வசை. அதனை மெய்யான வினாவாகவே கேட்டால் கிடைக்கும் விடைகள் வேறு வகையானவை.

உறக்கம் வரவில்லை; மூட்டை சுமந்த முதுகு வலிக்கிறது; கடன் கொடுத்தவரின் முகம் கண்முன் நிற்கிறது; இழந்த பிள்ளையின் நினைவு அகலவில்லை; நால்வர் முன்னிலையில் பேச நா எழவில்லை. முதல் கோப்பை பெரும்பாலும் விளையாட்டாகவோ நண்பரின் வற்புறுத்தலாலோ கைக்கு வருகிறது. நூறாவது கோப்பை அவ்வாறு வருவதில்லை. இடையில் அது ஏதோ ஒரு துன்பத்தைச் சிறிது நேரம் தணித்துக் காட்டியிருக்கிறது. துன்பத்தைச் சமாளிக்க மனம் கண்டுகொண்ட வழி அது; தவறான வழி, எனினும் ஒரு வழி. இவ்வாறு கூறுவது குடியை நியாயப்படுத்துவதாகாது. அடிபடும் மனைவிக்கும் அஞ்சி ஒடுங்கும் குழந்தைக்கும் நேரும் தீங்கு, காரணம் தெரிந்துவிட்டதால் குறைந்துவிடுவதில்லை.

போர்க்களம் தந்த சான்று

சூழலுக்கும் அடிமைப்பழக்கத்திற்கும் உள்ள உறவை எதிர்பாராத வகையில் வெளிப்படுத்தியது வியட்நாம் போர். அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவியிருப்பதை 1971-இல் அறிந்த அந்நாட்டு அரசு திடுக்கிட்டது. தாயகம் திரும்பும் வீரர்கள் விமானம் ஏறுமுன் சிறுநீர்ச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். திரும்பியவர்களின் வாழ்வைத் தொடர்ந்து ஆராயும் பொறுப்பு லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

வியட்நாமில் இருந்தபோது தாம் போதைக்கு அடிமைப்பட்டிருந்ததாக வீரர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கூறினார். அவர்கள் ஊர் திரும்பியபின் நகரங்கள்தோறும் ஹெராயின் பெருகும் என்று பலரும் அஞ்சினர். நடந்தது வேறு. அவ்வாறு அடிமைப்பட்டிருந்தோருள் முதல் ஆண்டில் மீண்டும் அந்நிலைக்கு ஆளானோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. மூன்று ஆண்டுகளைக் கணக்கில் கொண்டாலும் அவ்வெண்ணிக்கை நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவைத் தாண்டவில்லை. இத்தனைக்கும் அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை எதையும் நாடவில்லை.

இதனைக் கொண்டு, போதைப்பொருள் தீங்கற்றது என்று முடிவு செய்வது பேதைமை. வியட்நாமில் அது மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், அச்சமும் சலிப்பும் வீட்டு ஏக்கமும் நிறைந்த பாசறை வாழ்வு முடிந்தவுடன், அவ்வாழ்வைப் பொறுத்துக்கொள்ள உதவிய பொருளின் தேவையும் பெரும்பாலோர்க்கு முடிந்துபோனது. மாறியது அவர்களுடைய மனவுறுதி மட்டுமன்று. அவர்கள் வாழ்ந்த இடமும் சுற்றமுமே மாறின.

உடலின் கணக்கு

போரை விட்டு வீரர் வெளியேறலாம். தம் வீட்டையும் தொழிலையும் விட்டு ஒருவர் எங்கே வெளியேறுவது? சூழல் அப்படியே இருக்க ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் மூளை மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மது நரம்புகளை மந்தமாக்க, அதனை ஈடுசெய்ய மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிவைக்கிறது. மதுவைச் சட்டென நிறுத்தினால் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. கை நடுங்கும்; வியர்வை பெருகும்; உறக்கம் கெடும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள்களில் சித்தம் கலங்கி, உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு.

கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் உண்டு. ஊரறிய ஒருவர் வாக்குக் கொடுப்பதற்கு ஓர் ஆற்றல் இருக்கிறது. அதனை எள்ளுதல் தகாது. ஆனால், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் கயிறு கட்டும் முன் மருத்துவரைக் காண வேண்டும். நடுங்கும் கையோடு அவர் மூன்றாம் நாள் மீண்டும் மதுவை நாடினால், ஊர் அதனை வாக்குத் தவறியதாகவே கொள்கிறது. நாணம் இன்னொரு வலியாகிறது. அவ்வலிக்கும் அவர் அறிந்த மருந்து மது ஒன்றே.

ஆக்ரனில் ஒரு மாலை

நாணத்தின் இச்சுழற்சியை உடைக்கும் வழி ஒன்று, 1935 மே மாதத்தில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் புலப்பட்டது. பில் வில்சன் என்னும் பங்குவணிகத் துறையினர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வேலை தோல்வியுற, விடுதிக் கூடத்தில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். குடியால் துன்புறும் வேறொருவரோடு பேசினால்தான் அன்றைய மாலையைக் கடக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாறு அறிமுகமானவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டும் பேச இசைந்த மருத்துவர், இரவு பதினொரு மணிக்குமேல்தான் எழுந்தார்.

பில் அறிவுரை கூறவில்லை. தன் கதையைக் கூறினார். மருத்துவரைக் காப்பாற்ற அன்று, தன்னைக் காத்துக்கொள்ளவே அவர் வந்திருந்தார். தாழ்த்திப் பேசாத ஒரு குரலை மருத்துவர் அன்றுதான் கேட்டார். பின்னரும் ஒருமுறை அவர் சறுக்கினார். ஜூன் 10-ஆம் நாளுக்குப் பிறகு குடிக்கவில்லை. அந்நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது.

சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அங்கே நோயாளருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஏமாந்தவர்களுக்கும் ஆற வேண்டிய புண் உண்டல்லவா? நகர மருத்துவமனைக்கு வர இயலாதோருக்காக, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் அவ்வறக்கட்டளை முகாம்களை நடத்தியது.

முகாம் முடிந்து வீடு திரும்புபவருக்குக் கடினமான பொழுது மாலை. வேலை முடியும், கூலி கைக்கு வரும், கால்கள் பழகிய தெருவை நாடும். முன்பே குடியை விட்ட ஒருவர் அந்நேரம் தேநீர்க் கடை வாயிலில் காத்திருந்து, 'வாங்க அண்ணே, ஒரு டீ குடிப்போம்' என்று அழைத்தால், அன்றைய மாலை கடந்துவிடுகிறது. மறுநாள் மாலையும் அவர் அங்கே வந்து நிற்க வேண்டியிருக்கும்.