ராம் கூட்டினால் போட்டோஷாப் பறக்குமா?

கல்யாண சீசன் வந்தால் ஸ்டூடியோக்களில் இந்தப் பேச்சும் வந்துவிடும்: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோண்ணே, இன்னொரு எட்டு ஜிபி ராம் போட்டுடலாம்." போட்ட பிறகும் கர்சர் சுற்றிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்வார்கள். கோளாறு எங்கே என்பதை போட்டோஷாப்பே காட்டும்போது, குருட்டாம்போக்கில் காசைக் கொட்டுவது வேதனையாக இருக்கிறது.

"படமே 10 எம்பிதான், இதற்கு எதற்கு இத்தனை மெமரி?" என்பார்கள். 10 எம்பி என்பது ஜேபெக் ஆகச் சுருக்கிவைத்த அளவு. 12-க்கு 36 இஞ்ச் ஆல்பம் ஷீட் 300 டிபிஐயில் 10,800-க்கு 3,600 பிக்சல். ஷீட் முழுக்க நிரம்பிய ஒரே லேயர் 8 பிட்டில் சுமார் 117 எம்பி பிடிக்கும். 16 பிட் என்றால் இரட்டிப்பு. அதன்மேல் மணமக்கள் படங்கள், பூ வேலைப்பாடு, மாஸ்க் என்று ஏறிக்கொண்டே போகும். அன்டூ செய்வதற்காக ஹிஸ்டரியில் 50 படிகள் வரை வேறு சேர்ந்திருக்கும். ஷீட் முழுவதற்கும் ஃபில்டர் போட்டால் அந்த ஒரு படியே கனமானது. ஜிபி கணக்கில் மெமரி கரைவது இப்படித்தான்.

இனி ராம் தேவையா என்பதற்கு வருவோம். படத்தின் ஜன்னலுக்கு அடியில், ஃபைல் அளவு தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கனமான ஷீட்டில் வேலை செய்யும்போதும் 100 சதவீதமே காட்டினால், அந்த வேலைக்கு ராம் போதும்; கூட்டினாலும் பலன் இராது. அடிக்கடி கீழே இறங்கினால், ராமில் இடமில்லாமல் போட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை, அதாவது டிரைவில் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் இடத்தை, நாடுகிறது என்று பொருள். அப்போது ராம் வாங்குவது நியாயமான செலவு.

'பெர்ஃபார்மன்ஸ்' அமைப்பில் மெமரியை 100 சதவீதத்துக்குத் தள்ளிவிடும் பழக்கமும் கெடுதல்தான். விண்டோஸுக்கும் மற்ற புரோகிராம்களுக்கும் இடமில்லாமல் போய், மொத்த சிஸ்டமும் டிஸ்க்கில் எழுதி எழுதி அழிக்கத் தொடங்கும். வழக்கமாக இருக்கும் 70 சதவீதத்திலிருந்து ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பார்ப்பதே சரி.

அதிகம் பேர் ஏமாறும் இடம் ஸ்க்ராட்ச் டிஸ்க். "சி டிரைவிலிருந்து டி-க்கு மாற்றிட்டேன், இனி வேகம்தான்" என்பார்கள். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகள் என்றால், இடம் கூடலாம், வேகம் கூடாது. அதே ஹெட்தான் அங்கும் இங்கும் ஓட வேண்டும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி அளவில் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். என்விஎம்இ ஆயிரக்கணக்கில் போகும். ஸ்க்ராட்ச் டிஸ்க் பட்டியலில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள், அதில் தாராளமாக இடம் காலியாக விடுங்கள். "ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்" என்று வந்தால், வேறு டிரைவில் பழைய கல்யாணப் படங்களை அழித்துப் பயனில்லை. ஸ்க்ராட்ச் எந்த டிரைவில் இருக்கிறதோ, அங்கேதான் இடம் ஒழிக்க வேண்டும்.

டெஸ்க்டாப்பில் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் அழுத்துவதால் மெமரி காலியாகாது. ஐகான்கள் மறுபடி வரையப்படும், அவ்வளவே. எஸ்எஸ்டிக்கு நாமாக டிஃப்ராக் ஓட்டவும் வேண்டாம். அதற்கான ட்ரிம் வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

ராம் வாங்கத்தான் வேண்டும் என்றால், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் காலி என்று பாருங்கள். ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் டூயல் சேனலில் ஓடி, டேட்டாவை வேகமாகக் கொண்டுவரும். லேப்டாப் என்றால் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் கடைக்குப் போகுமுன் விசாரித்துவிடுங்கள்.