இடக்கரடக்கலும் இளையோர் கல்வியும்

நன்னூலார் தகுதி வழக்கை மூவகையாகப் பகுத்து, அவற்றுள் இடக்கரடக்கலை முதற்கண் வைத்தார். அவையில் கூறத் தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுதல் அதன் இயல்பு. ‘கால் கழுவி வந்தான்’ என்றால் கேட்போர் உட்பொருளை உணர்ந்துகொள்வர். சொல்லாததை உய்த்துணரும் ஆற்றல் கேட்போர்க்கு உண்டு என்னும் நம்பிக்கையே இவ்வழக்கின் அடிப்படை. அவ்வாற்றல் குன்றிய அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகளுக்குப் பருவமடைதலைப் பற்றி எச்சொல்லால் கற்பிப்பது?

பொதுவாகப் பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதிற்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதிற்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குகின்றன. அறிவு வளர்ச்சி மெதுவாக அமைந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கும் ஏறத்தாழ இதே வயதுதான். நாம் கற்பிக்கும்வரை உடல் காத்திராது. ‘பெரியவளாகிவிட்டாய்’ என்று கேட்ட சிறுமி தன் உயரத்தைப் பார்ப்பாள். ‘தூரம்’ என்றால் வழித்தொலைவை எண்ணுவாள். இரத்தத்தைக் கண்டு காயமென்று அலறுவாள். உறக்கத்தில் விந்து வெளிப்பட்ட சிறுவன், சிறுநீர் கழித்துவிட்டதாக அஞ்சித் துணியை ஒளிப்பான்.

ஆகவே கற்பித்தலில் நான்கு நெறிகள் வேண்டப்படுகின்றன.

முதலாவது, பெயர். மார்பு, பெண்குறி, ஆண்குறி, மாதவிடாய் என்னும் சொற்களை இயல்பான குரலில் சொல்லித் தருக. வீட்டிலும் பள்ளியிலும் ஒரே சொல் வழங்குக.

இரண்டாவது, செய்து காட்டல். முதல் மாதவிடாய்க்கு முன்பே நாப்கினைக் கையில் கொடுத்துப் பழக்குக. உறை பிரித்தல், உள்ளாடையில் ஒட்டுதல், நனைந்ததை மாற்றுதல், தாளில் பொதிந்து தொட்டியில் இடுதல், கை கழுவுதல் எனச் சிறு படிகளாகப் பிரித்து நாள்தோறும் பயிற்றுக. சிவப்பு நீர் தெளித்துக் காட்டினால், எப்போது மாற்றுவதென்பது விளங்கும். குளியலறைச் சுவரில் ஒட்டிய படங்கள் நினைவுக்குத் துணையாகும்.

மூன்றாவது, இடம். கதவடைத்த அறை தனியிடம். கூடமும் வகுப்பறையும் பேருந்தும் பொதுவிடம். பொதுவிடத்தில் தன் உறுப்பைத் தொடும் சிறுவனை அடித்தால் அச்சமே மிஞ்சும்; தனியிடத்திற்கு அழைத்துச் சென்றால் வேறுபாடு புரியும்.

நான்காவது, காப்பு. குளிப்பாட்டவும் மருத்துவம் செய்யவும் யார் தொடலாம் என்பதைக் கற்பிக்க வேண்டும். மற்றவர் தொட்டால் ‘வேண்டாம்’ எனச் சொல்லி விலகவும், நம்பிக்கைக்குரியவரிடம் உரைக்கவும் பழக்க வேண்டும். உறுப்பின் பெயரறியாப் பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையை எவ்வாறு முறையிடும்? குழந்தையின் உடல், மனக் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் குற்றத்தை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடுங்குற்றமாக வகுத்துள்ளது. ஆயினும் சட்டத்தின் வாயிலை அடையப் பிள்ளைக்குச் சொல் வேண்டும்.

கற்பித்தல் இல்லாவிடத்து என்ன நேரும்? 1994-இல் மராட்டிய மாநிலத்தில், அரசு இல்லத்தில் வாழ்ந்த அறிவுசார் குறைபாடுடைய பெண்கள் சிலருக்குப் புனேயில் கருப்பை நீக்க அறுவை செய்யப்பட்டது. மாதவிடாய்க் காலத் தூய்மையை அவர்களால் பேண இயலாது என்பது கூறப்பட்ட காரணம். நாட்டில் பெருங்கண்டனம் எழுந்தது. பொறுமையாகப் பயிற்ற வேண்டிய இடத்தைக் கத்தி பற்றிக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் இனப்பெருக்கம் பற்றிய தகவல்களைப் பெற அரசு வழிசெய்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதிக்கிறது. அச்சட்டம் இல்லத்தில் உயிர்பெறுவது தாய் தந்தையர் நாவில்தான்.

நாணம் நம் பண்பாட்டின் அணி. அவையில் இடக்கரடக்கல் நிலைக்கட்டும். உய்த்துணர இயலாப் பிள்ளையின் அருகில் அமரும்போது, வெளிப்படையான சொல்லே தகுதி வழக்கு. பெற்றோரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் அதனைக் கூசாது மொழிதல் கடன்.