காதாலும் படிக்கும் பக்கம்

நுழையும்முன்

வலைப்பக்கத்தைக் கண்ணால் பார்த்துப் படிப்போர் பலர். பார்வையற்றோர் அதனைச் செவியால் படிக்கின்றனர். கைகளை எளிதில் அசைக்க இயலாதோர் சுட்டியின்றி அதனை இயக்குகின்றனர். செவித்திறன் குறைந்தோர் காணொலியின் பேச்சை எழுத்தில் படிக்கின்றனர். இவர்கள் அனைவரும் பயன்படுத்தும் வகையில் ஒரு பக்கத்தை அமைப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தடை எங்கே உள்ளது?

சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் பள்ளியின் வாயிலில் நின்றுவிடுகிறார். அவரைத் தடுப்பது நாற்காலியா, படிக்கட்டா? படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் அமைத்தவுடன் அவர் உள்ளே வந்துவிடுகிறார். அவரிடம் எந்த மாற்றமும் இல்லை; மாறியது கட்டடமே.

இணையத்திலும் இதுவே நிலை. இன்று தேர்வு முடிவு, தொடர்வண்டிப் பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் இணையத்தின் வழியே கிடைக்கின்றன. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். முதுமையில் பார்வை மங்கிய தாத்தா, பாட்டியரையும் இவர்களோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். பக்கத்தை அமைப்பவர் செய்யும் சிறு பிழை, இவர்களுக்குப் படிக்கட்டாக நின்றுவிடுகிறது.

வலைப்பக்கங்களுக்கான தர நெறிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் வழிகாட்டு நெறிகளை 1999 இல் வெளியிட்டது. இன்றைய நெறிகள் நான்கு கொள்கைகளின்மேல் அமைந்துள்ளன. பக்கத்தின் செய்தி ஏதேனும் ஒரு புலனால் உணரத்தக்கதாக இருக்க வேண்டும். எளிதில் இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும். புரியத்தக்கதாக இருக்க வேண்டும். பலவகைக் கருவிகளிலும் பிழையின்றிச் செயல்பட வேண்டும்.

திரைபடிப்பான்

திரையில் உள்ள எழுத்தை ஒலியாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருள் திரைபடிப்பான் எனப்படும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பவர் 2006 இல் என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானை உருவாக்கத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவரே. அம்மென்பொருள் எவரும் விலையின்றிப் பெறத்தக்கது.

திரைபடிப்பான் பக்கத்தின் அழகைக் காண்பதில்லை. பக்கத்திற்குப் பின்னே உள்ள நிரலைப் படிக்கிறது. நீண்ட பக்கத்தில் அதனைப் பயன்படுத்துவோர் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்பிற்குத் தாவிச் செல்வர். ஒரு வரியைப் பெரிய எழுத்தில் தடித்துக் காட்டினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. ‘இது தலைப்பு’ என நிரலிலும் குறித்தல் வேண்டும்.

ஓர் அறிவிப்பு, ஐந்து திருத்தங்கள்

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா அறிவிப்பைத் தன் வலைப்பக்கத்தில் வண்ணப் படமாக வெளியிடுகிறது எனக் கொள்வோம். நாள், இடம், நேரம் ஆகிய அனைத்தும் அப்படத்திற்குள் உள்ளன. திரைபடிப்பானோ ‘படம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். கேட்பவர்க்கு விழா நடப்பதே தெரியாது. இப்பக்கத்தை எவ்வாறு திருத்தலாம்?

1. மாற்று உரை: படத்தின் செய்தியைச் சொற்களில் எழுதிப் படத்துடன் இணைக்க வேண்டும். ‘பொங்கல் படம்’ என எழுதுவதால் பயனில்லை. ‘பொங்கல் விழா, ஜனவரி 15, காலை 10 மணி, சங்க அரங்கம்’ என எழுதினால் செய்தி சென்று சேரும். செய்தி நீளமாயின் அதனைப் பக்கத்திலேயே எழுத்தாக வெளியிடுவது சிறந்தது. ஓரத்தில் அழகிற்காக வரைந்த கரும்பிற்கு விளக்கம் வேண்டியதில்லை. அதன் மாற்று உரையை வெறுமையாக விட்டால் திரைபடிப்பான் அதனைக் கடந்து செல்லும்.

2. இணைப்பின் பெயர்: திரைபடிப்பான் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தனியே பட்டியலிட்டுக் காட்டவல்லது. எல்லா இணைப்புகளுக்கும் ‘இங்கே சொடுக்குக’ எனப் பெயரிட்டால், எது எங்கே செல்லும் என்பது விளங்காது. ‘கோலப்போட்டிப் படிவம்’ என எழுதுதல் நன்று.

3. நிறம்: வெள்ளைப் பின்னணியில் வெளிர்மஞ்சள் எழுத்து பலர்க்குத் தெரியாது. எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையே உள்ள ஒளிர்வு வேறுபாடு, இயல்பான அளவுள்ள எழுத்துகளுக்கு 4.5க்கு 1 என்னும் விகிதத்திலேனும் இருக்க வேண்டும். படிவத்தில் பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், ‘தொலைபேசி எண்ணை நிரப்புக’ எனச் சொல்லாலும் காட்டுக.

4. விசைப்பலகை: சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையாலேயே படிவம் முழுவதையும் நிரப்பி அனுப்ப இயல வேண்டும்.

5. காணொலி: சென்ற ஆண்டு விழாவின் காணொலியில் பேசப்படும் சொற்கள் திரையின் அடியில் எழுத்தாக வர வேண்டும்.

தமிழ்ப் பக்கத்திற்கு உரிய இரண்டு

பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலில் குறிக்க வேண்டும். குறிக்காவிடில் திரைபடிப்பான் தமிழ் எழுத்துகளை வேறு மொழிக்குரிய குரலில் படிக்க முயன்று தடுமாறக்கூடும்.

எழுத்துகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்வது மற்றொன்று. பழைய எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளே தமிழ் வடிவத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு ‘அம்மா’ எனத் தெரிவது, திரைபடிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே கிடைக்கும்.

உரிமையும் சட்டமும்

இவற்றைச் செய்வது பிறர்க்குக் காட்டும் இரக்கமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதனை உரிமை என்கிறது. மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது.

வங்கிக் கணக்கு போன்ற சேவைகளைப் பெற, இணையவழியில் அடையாளத்தை மெய்ப்பிக்கும் முறை ஒன்று உண்டு. அதில் ‘கண்ணைச் சிமிட்டுக’ என்னும் கட்டளை வரும். அமிலத் தாக்குதலால் கண்ணிமைகள் சிதைந்தோரால் அவ்வாறு சிமிட்ட இயலவில்லை. பார்வையற்றோரும் இம்முறையில் இடர்ப்பட்டனர். அவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21 ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இம்முறையை அனைவரும் பயன்படுத்தும்படி மாற்றியமைக்கவும் ஆணையிட்டது.

மாணவர்களே! நாளை நீங்கள் பள்ளிக்காகவோ நண்பர்களுக்காகவோ ஒரு வலைப்பக்கம் அமைக்கலாம். அதனை வெளியிடும் முன் சுட்டியை ஒதுக்கிவைத்து இயக்கிப் பாருங்கள். திரையை அணைத்துவிட்டுத் திரைபடிப்பானின் வழியே கேட்டுப் பாருங்கள். இயன்றால், மாற்றுத்திறனாளி ஒருவரிடம் அப்பக்கத்தைக் கொடுத்து, எங்கே தடை உள்ளது எனக் கேளுங்கள். உங்கள் கண்ணுக்குப் படாத படிக்கட்டை அவரே சுட்டிக்காட்டுவார்.

சொற்பொருள்

சாய்தளம் – படியின்றிச் சரிவாக அமைந்த வழி
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு
மாற்று உரை – படத்திற்கு ஈடாக எழுதும் விளக்கம்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குரிய பொதுக் குறியீட்டு முறை
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. எழுத்தை ஒலியாக மாற்றிப் படிக்கும் மென்பொருள் ________.
2. வாழ்வுரிமையைத் தருவது அரசமைப்பின் ________ ஆம் பிரிவு.

ஆ. பிரித்து எழுதுக.
1. கண்ணிமை 2. பயணச்சீட்டு 3. பொருளற்ற

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘மாறியது கட்டடமே’ என்னும் தொடர் உணர்த்துவது யாது?
2. பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பக்கத்தைத் திரைபடிப்பான் சரியாகப் படிக்க இயலாதது ஏன்?

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலுள்ள ஒரு குடும்பப் படத்திற்கு 25 சொற்களுக்கு மிகாமல் மாற்று உரை எழுதுக. அதனை நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டுக. படத்தைப் பாராமலே அதில் உள்ளவற்றை அவர் சொல்கிறாரா எனக் காண்க.