செல்ஸி முதுபடைவீரர் இல்லம்

இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கருகே, முதிய படைவீரர்க்கென ஓர் இல்லம் உளது. இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் 1682ஆம் ஆண்டில் இதனை நிறுவினார். கிறிஸ்டபர் ரென் என்னும் கட்டடக்கலை வல்லுநர் அமைத்தார். 1692இல் வீரர் குடிபுகுமுன்னரே, 1685இல், மன்னர் மறைந்தார்.

‘ராயல் ஹாஸ்பிட்டல்’ என்பது இதன் பெயர். ‘ஹாஸ்பிட்டல்’ என்னுஞ் சொல் ஈண்டு மருத்துவசாலையைக் குறியாது. ஆதரவு வேண்டுவோர்க்கு உறையுள் என்னும் பழம்பொருளில் நிற்கின்றது. நம் முன்னோர் முப்பத்திரண்டு அறங்களுள் வைத்தெண்ணிய ‘ஆதுலர்க்குச் சாலை’ இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இங்குப் புகுவோர் தம் இராணுவ ஓய்வூதியத்தை இல்லத்திற்கு விட்டுக்கொடுப்பர். உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றைப் பெறுவர். ஆதியில் ஒருவர்க்குரிய அறை ஆறடிச் சதுரமே. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அஃது ஒன்பதடிச் சதுரமாயிற்று. 2009 முதல் பெண்டிரும் சேர்க்கப்பட்டனர்.

வாழ்ந்த வீட்டை விட்டுச் சிற்றறையிற் புகுதல் முதியோர்க்கு எளிதன்று. ஆயினும், அறைக்குக் கதவு உண்டு. கதவின் வெளியே தோழர் உளர். செந்நிற அங்கி பூண்டு வெளியே செல்லுங்கால், அவரை இரவலர் என எவரும் எண்ணார். கடமை முடித்தவர் என்றே மதிப்பர். நம் இல்லத்து முதியோர்க்கு நாம் அளிப்பது சோறு மட்டுமோ, மதிப்புமோ என்று நம்மையே நாம் வினவிக்கொள்வோமாக.