பன்றி வெட்டிய நாயைப் பேணுதல்

காலபோக நெல் குடலைப் பருவமடைந்து கதிர் முற்றும்வரை, காட்டோர வயல்களிற் காவல் நாயின்றி இரவைக் கழிக்குங் கமக்காரர் மிகச் சிலரே. காவற்குடிலில் மனிதர் கண்ணயர்ந்த வேளையிலும் நாய் விழித்திருக்கும். காட்டுப்பன்றியை முதலில் எதிர்கொள்வது அதுவே. ஆதலாற் காயமுறுவதும் அதுவே. பன்றி தன் கோரைப்பல்லைக் கீழிருந்து மேல்நோக்கி வீசி வெட்டும் இயல்புடையது. வெளியே இரண்டு விரலகலமாய்த் தோன்றும் வெட்டு, தோலின்கீழ் ஒரு சாணளவு தசையைக் கிழித்திருத்தல் கூடும்.

வன்னிப் பகுதிக் கமக்காரர் ஒருவரின் நாய்க்குப் பின்தொடையில் இவ்வாறான வெட்டு நேர்ந்தது. குருதி பெருகுவதைக் கண்ட அவர், தொடையின் மேற்பகுதியைத் தும்புக் கயிற்றால் இறுகக் கட்டினார். குருதி நின்றது. நாயைச் சாக்கின்மேற் கிடத்தி, விடியும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தார். அன்பிற் குறைவில்லை, ஆயின் கயிறு மட்டும் அவிழ்க்கப்படவில்லை. காலையில் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றபொழுது, குருதியோட்டமின்றிக் கால் குளிர்ந்து கருமையுற்றிருந்தது. நாயின் உயிரைக் காத்தற்பொருட்டு அக்காலை நீக்க வேண்டியதாயிற்று. வெட்டினால் அன்று, கட்டினாலேயே அக்கால் இழக்கப்பட்டது.

குருதியை நிறுத்துதற்குரிய முறை எளிது. தூய துணியை நான்காக மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். பத்து நிமிடம் வரை துணியைத் தூக்கிப் பார்த்தல் ஆகாது. துணி நனைந்தால் அதன்மேல் வேறொரு துணியை வைத்து அழுத்துக. நோவுற்ற நாய் வளர்த்தவரையுங் கடிக்குமாதலால், முதலில் அதன் வாயைத் துணிப்பட்டியாற் கட்டிக்கொள்ளல் நன்று. எனினும் மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், நெஞ்சிற் காயமுற்ற நாய்க்கும் வாய்க்கட்டு இடலாகாது.

வயிறு கிழிந்து குடல் வெளிப்பட்டிருப்பின் அதனை உள்ளே தள்ள முயல வேண்டாம். கொதித்தாறிய நீர் அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, அதில் நனைத்த தூய துணியால் மூடி, நாயைப் பலகையிற் கிடத்தி உடனே வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். முரசு வெளிறியும் உடல் குளிர்ந்தும் இருப்பின் குருதி பெரிதும் இழக்கப்பட்டதென அறிக. அந்நாயைச் சாக்கினாற் போர்த்துக; வாயில் நீரோ பாலோ ஊற்றற்க. சோர்ந்து கிடக்கும் நாய்க்கு அது நுரையீரலுட் சென்றுவிடும்.

மண்ணெண்ணெய், கழிவு ஒயில், சுண்ணாம்பு, பூச்சியுருண்டைத் தூள் ஆகியவற்றைக் காயத்தில் இடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அவை தசையைப் புண்ணாக்குவதோடு, நாய் நக்கும்போது வயிற்றினுள்ளும் சென்று கேடு செய்யும். மனிதர் உட்கொள்ளும் பரசிற்றமோல் மாத்திரையும் நாய்க்கு நஞ்சாகலாம். நோவைக் குறைக்கும் மருந்தை வைத்தியரே தருவார்.

வைத்தியம் முடிந்து வீடு திரும்பிய பின்னரே வீட்டாரின் வேலை தொடங்குகிறது. ஈயின் முட்டை ஒரு நாளுக்குள்ளேயே புழுவாகிவிடுமாதலால், பழைய நுளம்பு வலையொன்றை நாய் கிடக்குமிடத்தின்மேற் கட்டிவிடுக. காயத்தை நாள்தோறும் காலையும் மாலையும் பார்த்தல் வேண்டும். நாற்றமோ வீக்கமோ புழுவோ காணின் மீண்டும் வைத்தியரிடம் செல்க. நக்கித் தையலைப் பிரிக்காவண்ணம், அடி வெட்டிய பிளாத்திக்கு வாளியொன்றைக் கழுத்திற் பொருத்தலாம். எழ இயலாத நாயை நான்கு மணிக்கொருமுறை மறுபக்கம் புரட்டாவிடின் படுக்கைப்புண் உண்டாகும். ஒரு நாள் முழுவதும் சிறுநீர் கழியாதிருப்பின் தாமதியாது வைத்தியருக்கு அறிவிக்க.

உணவாகக் குழைந்த சோற்றுடன் அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு முறை கொடுக்கலாம். வெங்காயம் சேர்ந்த கறிச்சாறு கூடவே கூடாது. வெங்காயச் செய்கையுள்ள வீடுகளில் இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிப்பது. குருதி இழந்த நாய்க்கு அது இரட்டிப்புத் தீங்காகும்.

தையல் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாளில் நீக்கப்படும். அதற்கிடையில் நாய் உற்சாகமாய்த் தோன்றினும் அவிழ்த்துவிடலாகாது. பன்றியின் வாடை பட்டதும் ஓடித் தையலைக் கிழித்துக்கொள்ளும். காயப்படுத்தியது நரியோ வேறு நாயோ ஆயின் விசர்நோய் பற்றியும் எண்ணுதல் வேண்டும். முன்னர்த் தடுப்பூசி பெற்ற நாய்க்கும் மறுபடி ஊசி தேவைப்படலாம். நாயைத் தூக்கியவரின் கையிற் கடியோ கீறலோ இருப்பின், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மேற்கூறிய கமக்காரரின் நாய் நான்காம் நாள் மூன்று காலில் எழுந்து நின்றது. சீமெந்துத் தரையில் வழுக்கியமையால் வீட்டார் திண்ணை முழுவதும் உரப்பைகளை விரித்தனர். இரு மாதத்தில் முற்றமெங்கும் ஓடியது. அடுத்த போகத்தில் வயலுக்கு இளநாயொன்றே சென்றது. இரவில் அது குரைக்கும்போது, முற்றத்து மாமரத்தடியிலிருந்து மூன்றுகால் நாயும் குரல் கொடுக்கும். அக்குரல் கேட்டே கமக்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு வயலை நோக்கி நடக்கிறார்.