பெருக்கல் குறி போட்ட மாப்பிள்ளை

கேள்வி: இங்கிலாந்தில் நிலபுலன் ஏதுமில்லாத கிராமத்துக் கூலிக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடிப் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். கல்யாணப் பதிவிலிருந்து தொடங்க வேண்டும்.

1837 ஜூலை முதல் அங்கே அரசுப் பதிவு நடைமுறையில் உள்ளது. கல்யாணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும்; ஒரே தாளில் இரண்டு தலைமுறை! பெற்ற தாயின் பெயருக்கு 2021 வரை அதில் இடமே இல்லை என்பதுதான் வேதனை. 1837-க்கும் முந்தையவர்களைத் தேவாலயப் பதிவேடுகளில் தேடலாம். 1754-க்குப் பிறகு மணமக்கள் அதில் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போடுவார். ஏர் பிடித்த கை அழுத்திப் போட்ட அந்தக் குறி, பல குடும்பங்களில் மூதாதையர் விட்டுச்சென்ற ஒரே தடயம்.

திருமணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில்தான். உதாரணமாக, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் தாய் ஜெமைமா, வீட்டுவேலை செய்தவர். 1839 டிசம்பரில் தன் ஊரான மெல்பரி ஆஸ்மண்டில் மணமுடித்தார். மகன் பிறந்தது 1840 ஜூன் 2-ல், கணவர் ஊரில். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆகவே திருமண நாளுக்குப் பத்து மாதம் தள்ளித்தான் பிள்ளையைத் தேடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது மக்கள்தொகைக் கணக்கு. 1841 கணக்கில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். அதை நம்பி ஏமாற வேண்டாம். 1851 கணக்கில் பிறந்த ஊர் கிடைக்கும். 1911 கணக்கோ, மணமான பெண்களிடம் பெற்ற பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்றே கேட்டது.